பீட்டர் கபால்டி: இவர்தான் டாக்டரா?

24 ஆகஸ்ட் 2014

ஒரே ஒரு கேள்வி. நேற்று டாக்டர் ஹூவின் புதிய பருவத்தைப் பார்த்தவர்களில் வேறு யாருக்காவது, கடைசிக் காட்சி முடிந்த பிறகும் இவர் டாக்டராகத் தோன்றவே இல்லையா? எனக்குத் தோன்றவில்லை. (டாக்டர் என்பவர் காலத்தில் பயணிக்கும் வேற்றுக்கிரகவாசி. சாகும் நிலை வந்தால் முகமே மாறி வேறொரு நடிகராக எழுவார், அப்படித்தான் இந்த பிபிசி தொடர் ஓடுகிறது.) கபால்டி மோசமான நடிகர் என்று சொல்ல வரவில்லை. 'தி திக் ஆஃப் இட்' தொடரில் வாயைத் திறந்தாலே வசை பொழியும் மால்கம் டக்கராக அவரைப் பார்த்து வியந்தவர்களில் நானும் ஒருவர். சென்ற நவம்பரில் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில் அவருடைய கண்களையும் புருவத்தையும் மட்டும் ஒரு கணம் காட்டியபோது இருக்கையை விட்டே எழுந்துவிட்டேன்.

அந்தப் புருவம் நேற்று முழு மனிதராக வந்து நின்றபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. இரவு உடையில் விக்டோரியா காலத்து லண்டன் தெருக்களில் ஓடுகிறார், கண்ணாடியைப் பார்த்துத் தன் புருவத்தோடு சண்டை போடுகிறார், எரிந்து விழுகிறார். பிறகு, மூச்சுவிட்டால் கண்டுபிடித்துவிடும் எந்திர மனிதர்களிடம் தன்னோடு பயணிக்கும் தோழி கிளாராவை விட்டுவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். இவருக்கு முன் டாக்டராக இருந்த மாட் ஸ்மித் இதைச் செய்திருப்பாரா?

இன்னொரு குறை, இது நடிகர்மேல் அல்ல, எழுத்தின்மேல். கிளாரா டாக்டரின் காலத்தடத்துக்குள்ளேயே குதித்து அவருடைய முகங்கள் அத்தனையையும் பார்த்தவள். மூன்று டாக்டர்கள் ஒரே அறையில் நின்றபோது அவர்களோடு நின்றவள். ஒரு முகம் மாறியதற்கு அவள் இப்படி இடிந்துபோவாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பார்வையாளரின் தயக்கத்தைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக அவளுடைய நினைவையே அழித்துவிட்டார்கள். போதாததற்கு, டாக்டரின் பழைய சிநேகிதி வாஸ்ட்ரா முகத்திரை போட்டுக்கொண்டு அவளுக்குப் பாடம் எடுக்கிறாள். இளமையான முகம் இருந்தால்தான் ஏற்பாயா என்று அவள் கிளாராவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்கிறாள். ஒருவரை நான் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அவரை எனக்குக் காட்டுங்கள். ஏற்காததற்கு என்னை ஏன் திட்டுகிறீர்கள்?

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தொலைபேசி அழைப்பு. பழைய டாக்டர் கடந்த காலத்திலிருந்து கிளாராவை அழைத்து, பயப்படாதே, அவரும் பயந்துபோயிருக்கிறார், உதவி செய் என்கிறார். மாட் ஸ்மித்தின் குரல் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றேகால் மணி நேரமாகப் புதியவரால் தொட முடியாத இடத்தைப் பழையவர் சில நொடிகளில் தொட்டுவிட்டுப் போனார். புதியவருக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா?

25 ஆகஸ்ட் 2014

அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். அவள் 2005இல் கிறிஸ்டோஃபர் எக்கிள்ஸ்டனிலிருந்து பார்க்கிறாள். நான் 2010இல் மாட் ஸ்மித்தோடு வந்து சேர்ந்தவர். "உனக்கு இதுதான் முதல் இழப்பு. அதனால்தான் இவ்வளவு கோபம்," என்றாள். எக்கிள்ஸ்டன் பதின்மூன்றே எபிசோடுகளில் போனபோது தானும் டேவிட் டென்னன்ட்டை ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

இருக்கலாம். ஆனால் டென்னன்ட் என்ன செய்தார் என்று பாருங்கள். 2005 கிறிஸ்துமஸ் எபிசோடில் பெரும்பாலான நேரம் பைஜாமாவோடு தூங்குகிறார். எழுந்த பிறகு வாள்சண்டையில் கை துண்டாகி, அந்தக் கை கண்ணெதிரே முளைத்து, உலகத்தைக் காப்பாற்றுகிறார். நான் கேட்பதும் அதுதான். முதல் நாளில் புதியவர் ஒரு காரியம் செய்ய வேண்டும். 'தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அவருக்காக வேறொருவர் வந்து கெஞ்சக் கூடாது.

அவளோடு பேசும்போது, இவ்வளவு வயதான ஒருவரை இந்த வேடத்தில் இதற்குமுன் போட்டதே இல்லை என்றும் சொல்லிவிட்டேன். அது தவறு. 1963 நவம்பரில் வில்லியம் ஹார்ட்னல் தொடங்கியபோது அவருக்கு 55 வயது. கபால்டியைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தபோது அவருக்கும் 55. டாக்டர் முதன்முதலில் எந்த வயதில் இருந்தாரோ அந்த வயதுக்குத் திரும்பியிருக்கிறார். வயது பற்றிய குறையைத் திரும்பப் பெறுகிறேன். மற்றவை அப்படியே நிற்கின்றன.

27 ஆகஸ்ட் 2014

மறுபடியும் பார்த்தேன். இரண்டு இடங்களில் நான் சரியாகப் பார்க்கவில்லை.

முதலாவது, தொலைபேசிக் காட்சி. என் நினைவில் கபால்டி அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தார். அப்படியில்லை. கிளாரா பேசி முடித்ததும் அவர்தான் பேசுகிறார். நான் தொலைபேசியில் இல்லை, இதோ உன் எதிரே நிற்கிறேன், உன்னால் என்னைப் பார்க்க முடியவில்லையே என்கிறார். குரல் உயரவே இல்லை. கடைசிச் சொல்லில் மட்டும் தொண்டை லேசாக அடைக்கிறது. முதல் முறை மாட் ஸ்மித்துக்காக அழுதுகொண்டிருந்ததில் அதை முழுக்கத் தவறவிட்டிருக்கிறேன்.

இரண்டாவது, எந்திர மனிதர்களின் கூடம். டாக்டர் இன்னும் டாக்டராக இருந்தால் தன்னைக் கைவிட மாட்டார் என்று சொல்லி, கிளாரா திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டுகிறாள். விரல்கள் நடுங்குகின்றன. கொஞ்ச நேரம் யாரும் பிடிக்கவில்லை. பிறகு ஒரு கை வந்து பற்றிக்கொள்கிறது. அவர் போகவே இல்லை, எதிரிகளின் நடுவிலேயே முகமூடி போட்டு நின்றிருந்தார். முதல் நாளில் ஒரு காரியம் வேண்டும் என்று முந்தாநாள் எழுதினேன். காரியம் அங்கேயே இருந்திருக்கிறது.

இருந்தும் அந்த அழைப்பைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அந்தக் கையே போதுமானதாக இருந்தது. அதை நம்பாமல் பழைய முகத்தைக் கூட்டி வந்ததுதான் தவறு.

31 ஆகஸ்ட் 2014

நேற்றைய எபிசோட் 'இன்டு தி டாலெக்'. (டாலெக் என்பது எந்திர உறைக்குள் வாழும், டாக்டரின் பரம எதிரி இனம்.) எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சாகப்போகும் ஒரு படைவீரனிடம் எதையோ கொடுத்து விழுங்கச் சொல்கிறார். காப்பாற்றுகிறார் என்று அவன் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். அவன் இறந்த பிறகுதான் தெரிகிறது, அவனுடைய எச்சம் எங்கே போய் விழுகிறது என்று கண்டறியக் கொடுத்ததாம். அவன் ஏற்கெனவே செத்தவன்தான், நான் மற்றவர்களைக் காப்பாற்றினேன் என்கிறார். கணக்கு சரிதான். டாக்டர் கணக்குப் போடாதவர் என்று யார் சொன்னது? கணக்குப் போட்டுவிட்டு வலியோடு நிற்பவர் என்பதால்தானே இத்தனை ஆண்டுகள் அவரோடு ஓடினோம். அந்த வீரனின் பெயரைக்கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் நல்லவனா என்று கிளாராவிடம் கேட்கிறார். தெரியவில்லை என்கிறாள். எனக்கும் தெரியவில்லை. கேள்வியை எழுப்பியது சரி. ஆனால் ஒரு பருவம் முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருக்கப் போகிறார்களா என்ற பயம் இருக்கிறது.

7 செப்டம்பர் 2014

ராபின் ஹுட்டோடு மரப்பாலத்தின்மேல் வெறும் கரண்டியை வைத்து வாள்சண்டை! முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். இந்த மனிதருக்கு நகைச்சுவை இவ்வளவு இயல்பாக வருகிறது. அப்படியிருக்க ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

17 செப்டம்பர் 2014

சனிக்கிழமை 'லிசன்' பற்றி எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. குழந்தைகள் இல்லத்தில் கட்டில்மேல் போர்வைக்குள் ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் அந்தச் சிறுவனுக்கு அருகில் நின்று, பயம் ஒரு பெரும் வலிமை என்று சொல்கிறார். இதயம் வேகமாகத் துடிப்பதும் இரத்தம் ஓடுவதும் உன்னைக் காப்பாற்றத்தான் என்கிறார். கபால்டி இதைக் குழந்தைக்குச் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்கிறார். அது எனக்குப் பிடித்தது, எழுதிவைக்கிறேன்.

இதை யோசித்துக்கொண்டே பழைய காலத்துக்குப் போய்விட்டேன். முதல் மாற்றத்தின்போது மக்களை எப்படி ஏற்க வைத்தார்கள்? 1966 அக்டோபரில் ஹார்ட்னல் தரையில் விழுந்து பேட்ரிக் டிரௌட்டனாக எழுந்தார். அப்படி ஒன்று அதுவரை தொடரில் நடந்ததே இல்லை. டிரௌட்டனின் முதல் கதையான 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' படச்சுருள்கள் பிபிசியால் அழிக்கப்பட்டுவிட்டன. முழுதாக மிஞ்சியிருப்பது ரசிகர்கள் அன்றே பதிவுசெய்து வைத்த ஒலி மட்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். தோழன் பென் பழைய டாக்டரின் மோதிரத்தை எடுத்து, இது உன் விரலுக்குச் சேர்கிறதா பார் என்கிறான். சேரவில்லை, கழன்று விழுகிறது. இவரோ ரெக்கார்டர் என்ற குழலை ஊதுகிறார், 'டாக்டர்' என்று யாரோ மூன்றாம் மனிதரைப்போலத் தன்னையே குறிப்பிடுகிறார். யாரும் எதையும் கெஞ்சவில்லை. கடைசியில் அவரை உறுதிப்படுத்துவது யார் தெரியுமா? ஒரு டாலெக். தன் பரம எதிரியை அது அடையாளம் கண்டுகொள்கிறது. தோழனுக்குச் சந்தேகம், எதிரிக்குச் சந்தேகமே இல்லை. என்ன ஓர் எழுத்து!

அதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. 1984 மார்ச்சில் காலின் பேக்கர் தன் முதல் கதையிலேயே தோழி பெரியின் கழுத்தை நெரித்தார். அந்தக் கதையைப் பருவத்தின் கடைசியில் வைத்தார்கள். அடுத்த கதை 1985 ஜனவரியில்தான். அந்தக் கசப்பான காட்சியை நெஞ்சில் வைத்துக்கொண்டு மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். முதலில் வெறுக்க வைத்துப் பிறகு மெல்ல மெல்ல நேசிக்க வைப்பது என்பதுதான் திட்டம். மெல்ல மெல்ல என்பதற்கு அவருக்குக் காலமே தரப்படவில்லை. 1986இல் நீக்கிவிட்டார்கள். பிற்காலத்தில் ஒலி நாடகங்களில் அவரைக் கேட்டால் எவ்வளவு அருமையான டாக்டர் என்பது புரியும். குற்றம் அவருடையது அல்ல.

கபால்டிக்கும் அதுவே நடந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. முதல் குறிப்பில் நான் கோபப்பட்டது அவர்மீது. இப்போது அவருக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

28 செப்டம்பர் 2014

கோல் ஹில் பள்ளி! 1963இல் கதை தொடங்கிய அதே பள்ளி. அங்கே டாக்டர் பராமரிப்புப் பணியாளராக வருகிறார். கிளாராவின் காதலன் யார் என்று ஊகிக்கும்போது, வில் டை கட்டி நெற்றியில் முடி விழும் ஓர் இளம் ஆசிரியரைப் பார்த்துப் பூரித்துப்போகிறார். பழைய தன்னைப் போலவே ஒருவரை அவள் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்ற பெருமிதம். கபால்டியின் முகத்தில் அந்த மகிழ்ச்சி எப்படிப் பரவுகிறது, பார்த்தீர்களா! குழந்தைபோல.

அதே எபிசோடில், உண்மையான காதலன் டேனி கணக்கு ஆசிரியர் என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்காமல் உடற்பயிற்சி ஆசிரியர் என்றே அழைக்கிறார். முன்னாள் படைவீரனுக்குக் கணக்கு வராது என்கிற எண்ணம். டேனி கறுப்பினத்தவர். இதில் சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை. முறைப்பான டாக்டர் வேறு, இழிவுபடுத்தும் டாக்டர் வேறு. இந்தக் குறையை எத்தனை எபிசோட் போனாலும் நான் விடப்போவதில்லை.

5 அக்டோபர் 2014

நேற்றைய எபிசோடில் நிலா ஒரு முட்டை என்பதை எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு அது பிரச்சினை இல்லை. பூமியின் தலைவிதியை முடிவுசெய்ய வேண்டிய நேரத்தில் டாக்டர் தன் காலப்பயணக் கலமான, நீலப் பெட்டி வடிவ டார்டிஸில் ஏறிப் போய்விடுகிறார், முடிவு கிளாராவின் தலையில். திரும்பி வந்து, உன்மேல் நம்பிக்கை இருந்தது என்கிறார். அவள் வெடிக்கிறாள். கண்ணீரும் கோபமும் கலந்து, கிளாராவாக நடிக்கும் ஜெனா கோல்மன் அவரைப் போகச் சொல்லும் அந்தக் காட்சியில், ஆறு வாரமாக என் மனத்தில் இருந்த அத்தனையும் வந்துவிட்டது.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது கபால்டியை. என்ன தவறு செய்தோம் என்றே அவருக்குப் புரியவில்லை. மரியாதை செய்ததாக நினைத்திருக்கிறார். அவள் பேசப் பேச அந்த முகம் சுருங்கிக்கொண்டே போகிறது. எதிர்த்து ஒரு சொல் வரவில்லை.

12 அக்டோபர் 2014

ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் மம்மி. அதைக் கண்ணால் கண்டவருக்கு 66 விநாடிகள், பிறகு மரணம். ஒவ்வொருவரும் சாகும்போது டாக்டர் அருகில் நின்று, என்ன பார்க்கிறாய் சொல், அடுத்தவருக்கு உதவும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆகஸ்டில் பார்த்த அதே கணக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து மெய்ஸி என்ற பெண்ணின் முறை. டாக்டர் அவளுடைய துயரத்தைத் தன் தலைக்குள் வாங்கிக்கொண்டு மம்மியைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறார். 66 விநாடிகள், இப்போது அவருக்கு. கடைசி நொடியில் அது ஒரு படைவீரன் என்று கண்டுபிடித்துச் சரணடைகிறோம் என்கிறார். அது சல்யூட் அடித்துவிட்டு உதிர்ந்துபோகிறது.

பிறகு கடற்கரை. இரக்கமில்லாதவராக நடித்தீர்களா என்று கிளாரா கேட்கிறாள். அப்படி நினைத்தால் உனக்கு எளிதாக இருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதிலிருந்து தேர்ந்தெடுத்தாலும் கெட்டதுதான் என்ற நிலையிலும் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது என்கிறார். அந்தக் களைப்பை இளம் முகத்தில் கொண்டுவர முடியாது. 55 வயதில் ஏன் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நேற்றுப் புரிந்தது.

இது முதல் வாரமே வந்திருக்க வேண்டிய எபிசோட். எட்டாவது வாரம் வரை என்னைக் காக்க வைத்தது எதற்கு?

19 அக்டோபர் 2014

சுருங்கிப்போன டார்டிஸுக்குள் மாட்டிக்கொண்டு, குட்டிக் கதவு வழியே கையை மட்டும் வெளியே விட்டு, விரல்களாலேயே தண்டவாளத்திலிருந்து பெட்டியை நகர்த்திக்கொண்டு போகிறாரே! மூன்று முறை பார்த்துவிட்டேன்.

2 நவம்பர் 2014

இதை நிதானமாக எழுத முடியவில்லை. டேனி இறந்துவிட்டான். அவனை மீட்டுத் தரச்சொல்லி, கிளாரா டார்டிஸின் சாவிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எரிமலைக் குழம்பில் எறிந்து மிரட்டுகிறாள். எல்லாம் கனவு என்று தெரிந்த பிறகும் அவள் செய்யத் துணிந்தது உண்மைதானே. இவ்வளவு செய்த எனக்கு ஏன் உதவுகிறீர்கள் என்று கேட்கிறாள். நீ எனக்குத் துரோகம் செய்தால் எல்லாம் மாறிவிடும் அளவுக்கா உன்மேல் வைத்த அக்கறை அற்பமானது என்று கேட்கிறார். கண்ணில் நீர் இல்லை, இசை இல்லை, தொடக்கூட இல்லை.

அக்காவுக்கு அந்த நிமிடமே அழைத்தேன். "சொல்லு," என்றாள். என்னால் பேச முடியவில்லை. "சரி, சரி, பார்த்துவிட்டேன்," என்றாள் அவள்.

9 நவம்பர் 2014

பருவம் முடிந்தது. இரண்டு அணைப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் எபிசோட் 'டீப் பிரெத்' முடிவில் கிளாரா கட்டிக்கொள்ளும்போது, கபால்டியின் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நிற்கின்றன. கட்டிக்கொள்கிற ஆள் இல்லை நான் என்கிறார். அன்று அதைக் குளிர்ச்சி என்று நினைத்தேன். நேற்று கடைசியில், தொலைந்துபோன தன் கிரகத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் அவளிடம் பொய் சொல்கிறார். டேனி திரும்பிவிட்டதாக அவர் நம்பிக்கொண்டிருப்பதை அவள் திருத்தாமல் விடுகிறாள். உண்மையில், அந்தக் கிரகம் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்க் கதவைத் திறந்தால் வெறும் இருட்டு. உள்ளே வந்து இயக்க மேசையை முஷ்டியால் பொறி பறக்கக் குத்துகிறார், குத்திக்கொண்டே இருக்கிறார். பிறகு அந்தப் பொய்களோடு இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அணைப்பு என்பது முகத்தை மறைத்துக்கொள்ளும் வழி என்கிறார். அன்று கைகளைக் காற்றில் வைத்திருந்தாரே, அன்றாவது முகத்தை மறைக்காமல் நின்றார்.

18 அக்டோபர் 2015

ஓராண்டு ஆகிவிட்டது. நேற்றைய எபிசோடுக்காகத் திரும்ப வந்தேன். 2008இல் பாம்பெய் எரிமலை எபிசோடில் கபால்டி ஒரு ரோமானியக் குடும்பத் தலைவராக நடித்திருந்தார். (காலின் பேக்கரும் டாக்டராவதற்கு முந்தைய ஆண்டு, 1983இல், வேறு வேடத்தில் வந்து டாக்டரையே சுட்டவர்.) அந்த நகரமே அழியட்டும் என்று கிளம்பிய டாக்டரிடம், ஒரே ஒரு குடும்பத்தையாவது காப்பாற்றுங்கள் என்று அவருடைய அன்றைய தோழி டோனா அழுதாள். அவர் திரும்பிப் போய்க் காப்பாற்றியது இந்த முகத்தைத்தான். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்த டாக்டருக்கு அது இப்போது நினைவுக்கு வருகிறது. யாரையாவது காப்பாற்று என்று தனக்குத் தானே நினைவூட்டிக்கொள்ள எடுத்துக்கொண்ட முகம் இது.

சென்ற ஆண்டு அந்தப் படைவீரனை விட்டுவிட்டதும் இதே முகம்தான். அதை நான் மறக்கவில்லை. இவர்களும் மறக்கவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

29 நவம்பர் 2015

'ஹெவன் சென்ட்'. கிட்டத்தட்ட முழு எபிசோடும் ஒரே ஒரு நடிகர். பின்தொடரும் ஓர் உருவத்தைத் தவிர வேறு யாரும் இல்லாத கோட்டை. வைரத்தைவிடக் கடினமான சுவரை வெறும் கையால் குத்துகிறார். கிரிம் சகோதரர்களின் கதையில் வரும், மலையில் அலகைத் தீட்டும் குருவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே குத்துகிறார். கருகிய உடலோடு கோபுரத்தின் உச்சிக்குத் தவழ்ந்துபோய்த் தன்னையே எரித்து மீண்டும் பிறக்கிறார். மறுபடி முதலிலிருந்து. நானூற்றைம்பது கோடி ஆண்டுகள். ஒவ்வொரு சுற்றிலும் கதையில் இன்னொரு சொல்.

கணப்பருகே அவருக்கு முன்னால் வந்த அவரே காயவைத்துவிட்டுப் போன உடைகள் இருக்கின்றன. ஈர உடையைக் கழற்றிக் காயவைத்துவிட்டு அந்தக் காய்ந்த உடையைப் போட்டுக்கொள்கிறார். யாருடையது என்று அவருக்கு அப்போது தெரியாது. அளவு சரியாக இருக்கிறது.

1974இல், பதினைந்து வயதில், இந்தத் தொடரைப் பற்றி ரேடியோ டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதி அது அச்சிலும் வந்த பையன்தான் இவர். அந்தப் பையனைப் பார்த்துத்தான் இவர் டாக்டரா என்று கேட்டேன்.

26 டிசம்பர் 2017

நேற்று அவர் போய்விட்டார். அக்காவும் நானும் இந்த முறை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். முதல் டாக்டரைச் சேர்த்துக்கொண்டு போன கதை நன்றாக இருந்தது. நீண்ட கடைசிப் பேச்சு எனக்குக் கொஞ்சம் அதிகம், அக்காவுக்குப் போதவில்லை. கோல் ஹில் எபிசோடைப் பற்றி நாங்கள் இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வெளிச்சம் எல்லாம் அடங்கி ஜோடி விட்டேக்கர் தெரிவதற்கு முன், ஒரு கை. விரலிலிருந்து கபால்டியின் மோதிரம் கழன்று டார்டிஸின் தரையில் விழுந்தது.

"பென்னுடைய மோதிரம்!" என்று நான் கத்திவிட்டேன். அக்கா அந்த ஒலிப்பதிவைக் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார் பென்?" என்றாள். இன்று இரவு இருவரும் அதைக் கேட்கப் போகிறோம்.